பொம்மையின் தலைக்கு மேலே

லபுபு 2015-இல் பிறந்தது. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லங், வட ஐரோப்பியத் தொன்மக் கதைகளின் சாயலில் வரைந்த படப் புத்தகங்களில் வந்த குட்டிப் பூதம் அது. நீண்ட காது, வரிசையாக இளிக்கும் பல். 2019-இலிருந்து சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் அதைச் சிறு சிலைகளாக விற்றது. அலமாரியில் நிறுத்தி வைக்கிற சிலைகள். சேகரிப்பவர்கள் வாங்கினார்கள், மற்றவர்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. 2023 அக்டோபரில் அதே பூதத்துக்கு வினைல் முகமும் பஞ்சு உடலும் கொடுத்து, தலைக்கு மேலே பையில் மாட்டுவதற்கு ஒரு தொங்கலையும் வைத்தார்கள். அடுத்த ஏப்ரலில் பிளாக்பிங்க் இசைக்குழுவின் பாடகி லிசா அதோடு படம் போட்டார். 2024-இல் லபுபு அடங்கிய ‘தி மான்ஸ்டர்ஸ்’ வரிசை மட்டும் 300 கோடி யுவானுக்கு மேல் விற்றது. 2025 மே மாதம் பிரிட்டன் கடைகளில் வரிசையில் நின்றவர்கள் அடிதடியில் இறங்க, அங்கே கடை விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள்.

இந்த ஆட்டத்துக்கு லிசா காரணம் என்பார்கள். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டியின் சூதாட்டச் சுவை காரணம் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் என் கட்சி வேறு. எட்டு வருஷம் அதே முகத்தோடு, அதே பல்லோடு புத்தகத்திலும் அலமாரியிலும் இருந்த பூதத்துக்குப் புதிதாகக் கிடைத்தவை இரண்டே இரண்டு: பஞ்சு, கொக்கி. பஞ்சு அதைத் தொடத் தூண்டியது. தெருவுக்கு அழைத்து வந்தது கொக்கி. வீட்டுக்குள் இருக்கும் சிலையை வீட்டுக்கு வருகிறவர்தான் பார்ப்பார். பையில் தொங்குவதை ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரெல்லாம் பார்ப்பார்.

அப்படியிருந்தும் பஞ்சுப் பொம்மைச் சாவிச்சங்கிலி செய்யும் யாரையும் கேட்டுப்பாருங்கள். முகத்துக்கு மாதக்கணக்கில் மாதிரி போட்டிருப்பார்கள். ரோமத்தின் நீளத்துக்கு, கண்ணின் இடைவெளிக்கு, வாயின் வளைவுக்கு ஆயிரம் திருத்தம் சொல்லியிருப்பார்கள். கொக்கி என்று வரும்போது, “தங்க நிறத்தில் ஏதாவது போடுங்கள்” என்று முடித்துவிடுவார்கள்.

இந்த அலட்சியம் எப்போதும் இருந்ததல்ல. தொங்கவிடும் வேலைக்கு உலகத்திலேயே அழகான விடை கண்டவர்கள் ஜப்பானியர்கள். கிமோனோவில் பை தைக்கும் வழக்கம் இல்லை. மருந்து, முத்திரை, புகையிலை எல்லாவற்றையும் சிறு பெட்டியிலோ சுருக்குப் பையிலோ போட்டு, கயிற்றில் கட்டி, இடுப்புக் கச்சையான ஓபிக்கு அடியில் விட்டுத் தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமலிருக்க அதன் மேல்முனையில் ஒரு குமிழ். அதுதான் நெட்சுகே. கயிறு நுழைய இரண்டு துளை வேண்டும். துணியில் மாட்டிக் கிழிக்கும் கூர்முனை இருக்கக்கூடாது. உள்ளங்கைக்குள் அடங்கவேண்டும். இந்த மூன்று கட்டாயத்துக்குள் நின்றுகொண்டு, 17-ஆம் நூற்றாண்டிலிருந்து, தந்தத்திலும் மரத்திலும் எலியும் முயலும் தூங்கும் துறவியுமாகச் செதுக்கித் தள்ளினார்கள். மெய்ஜி காலத்தில் மேல்நாட்டு உடை வந்தது, உடையோடு பையும் வந்தது, நெட்சுகேக்கு வேலை போயிற்று. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எட்மண்ட் டி வால் 2010-இல் எழுதிய ‘தி ஹேர் வித் ஆம்பர் ஐஸ்’, ஐரோப்பிய யூதக் குடும்பம் ஒன்றில் கைமாறி வந்த 264 நெட்சுகேக்களைப் பின்தொடரும் நூல். கயிற்றின் கீழே தொங்கிய ‘இன்ரோ’ என்ற அந்தச் சிறு பெட்டிகளும் அரக்கு வேலைப்பாட்டில் குறைந்தவை அல்ல. ஆனாலும் பெயரும் கதையும் பெற்றது மாட்டும் குமிழ்தான். இன்றைக்கு நேர் தலைகீழ். பொம்மைக்கு ஓவியர் பெயர் உண்டு, பதிப்புரிமை உண்டு. கொக்கிக்குக் கிடைப்பது விலைப்பட்டியலின் கடைசி வரியில் ஒரு மாதிரி எண்.

நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய வெள்ளிச் சாவிக்கொத்தும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. முன்பக்கம் மயிலோ கிளியோ பூவோ செதுக்கிய அகன்ற தகடு, பின்பக்கம் புடவையில் செருக வளைந்த கொக்கி, அடியில் சாவிகளுக்கு வளையம். பெட்டகச் சாவி யார் பொறுப்பில் என்பதை மாமியாருக்கும் மருமகளுக்கும் சந்தேகமில்லாமல் சொல்லிவிடும் நகை அது. 18, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வீட்டு நிர்வாகம் பார்த்த பெண்கள் கத்தரிக்கோலும் அங்குஸ்தானும் சாவியும் தொங்க அணிந்த ஷாட்டலேன் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி.

இருபதாம் நூற்றாண்டு இந்த அழகைக் கழற்றி வைத்துவிட்டு விலையைக் குறைத்தது. அதன் சாதனை ‘பால் செயின்’ எனப்படும் மணிச் சங்கிலி. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் 1914-இல் ஒரு நிறுவனமும், நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னனில் 1938-இல் இன்னொன்றும் இந்தச் சங்கிலிக்காகவே தொடங்கப்பட்டன. விளக்கை இழுத்து அணைக்கும் சங்கிலி, தொட்டியின் அடைப்பானைக் கட்டிய சங்கிலி, அமெரிக்கச் சிப்பாய்களின் கழுத்தில் அடையாளத் தகடு தொங்கும் சங்கிலி, எல்லாம் இதுதான். மெல்லிய உலோகப் பட்டையை உள்ளீடற்ற மணிகளாகச் சுருட்டும்போதே, இரண்டு முனையும் தடித்த சிறு கம்பிகளை மணிக்கு மணி உள்ளே பூட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு மணியும் தனித்தனியாகச் சுழலும். அதனால் எத்தனை முறுக்கினாலும் சிக்கு விழாது. கடைசி மணியை ஒரு சிறு தகட்டுப் பூட்டுக்குள் அழுத்தினால் ‘டிக்’ என்று மாட்டிக்கொள்ளும். பொம்மைகளுக்கு வழக்கமாக வருவது 2.4 மில்லிமீட்டர் மணி. ஜப்பானில் பொம்மை பிடிக்கும் விளையாட்டு இயந்திரங்கள் பரவியபோது (செகாவின் யூஎஃப்ஓ கேட்சர் 1985-இல் வந்தது) பரிசுப் பொம்மைகளின் தலையில் ஏறிக்கொண்டது இந்தச் சங்கிலிதான். இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது.

பால் செயினை எல்லோரும் திட்டுவார்கள். பலமாக இழுத்தால் பூட்டிலிருந்து மணி நழுவிவிடும். நாலைந்து தரம் கழற்றி மாட்டினால் பூட்டு தளர்ந்துவிடும். பொம்மை வழியில் எங்கோ விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் பாதிச் சங்கிலி ஆடிக்கொண்டிருக்கும். எல்லாம் சரி. ஆனால் பள்ளிக்கூடப் பையில் தொங்கும் பொம்மை பேருந்துக் கதவிலோ சைக்கிள் சக்கரத்திலோ சிக்கிக்கொள்ளும் அந்த ஒரு கணத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது விட்டுக்கொடுக்கும் சங்கிலி நல்லதா, பிள்ளையையும் சேர்த்து இழுக்கும் சங்கிலி நல்லதா? சின்னப் பிள்ளைகள் பையில் மாட்டுவதற்கென்றே செய்தால் நான் பால் செயினுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

அடுத்த தலைமுறை கயிறு. கைப்பேசிகளின் மூலையில் ஒரு சிறு துளை இருந்த காலம் நினைவிருக்கலாம். ஜப்பானில் அந்தத் துளை ஒரு தொழிலையே வளர்த்தது. மெல்லிய நைலான் கண்ணியைத் துளைக்குள் விட்டு, அதன் வழியாகவே பொம்மையைக் கோத்து இழுத்தால் தானாகச் சுருக்கு விழும். உலோகமே வேண்டாம். 1998-இல் ஹொக்கைடோவுக்கென்று வந்த லாவெண்டர் ஹலோ கிட்டியில் தொடங்கி, ஊருக்கு ஊர் ஒரு கிட்டி தொங்கியது. 2007-இல் துளையில்லாமல் ஐபோன் வந்தது. பிற கைப்பேசிகளிலும் துளை மெல்ல மெல்ல மறைந்தது. குடியிருந்த இடம் இடிக்கப்பட்டதும் பொம்மைகள் பைக்குக் குடிபெயர்ந்தன. 2025-இல் ஆப்பிளே தன் உறைகளில் வார் மாட்டும் துளையைத் திரும்ப வைத்தது வேடிக்கை.

பைக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பம். கைப்பேசித் துளை எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு, பை அப்படியில்லை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் 1987-இல் தொடங்கிய கிப்லிங் நிறுவனம் தன் பைகளில் குரங்குப் பொம்மை மாட்டி விற்றபோது அதற்கு இந்தத் தலைவலி இல்லை. பையும் அவர்களுடையது, குரங்கும் அவர்களுடையது. வளையத்துக்கு ஏற்ற கொக்கி, கொக்கிக்கு ஏற்ற வளையம். பொம்மையைத் தனியாகச் செய்து, யாரோ எங்கோ தைத்த பையில் மாட்டச் சொல்லி விற்பவருக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது. துணிப்பையின் அகலமான கைப்பிடி, முதுகுப்பையின் ஜிப் இழுப்பான், தோல் பையின் தடித்த டி ரிங், எதில் மாட்டப்போகிறார் என்று தெரியாது.

அதனால்தான் கொக்கியைப் பொம்மையிலிருந்து அல்ல, பையிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். முதலில் அளக்கவேண்டியது கொக்கியின் நீளத்தை அல்ல, அதன் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை. நாக்கை முழுக்க இழுத்த பிறகும் வாய் அகலம் 5 மில்லிமீட்டர்தான் என்றால் 6 மில்லிமீட்டர் கம்பியில் வளைத்த டி ரிங்கில் அது என்றைக்கும் ஏறாது. ஜிப் இழுப்பானில் மாட்டுவதென்றால் எதிர்ப் பிரச்சினை: பொம்மையின் கனம் நடக்கும்போது ஜிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போகும். தோல் கைப்பிடியில் உலோகம் நேரடியாகத் தேய்ந்தால் கீறல் விழும். அங்கே கொக்கியைவிடத் தோல் வாரோ துணி நாடாவோ கண்ணியாகக் கோப்பதே மரியாதை. பையில் சாமான் தொங்கவிடுவதைத் தன் பாணியாக்கிய நடிகை ஜேன் பிர்கின், தனக்கென்று எர்மெஸ் நிறுவனம் செய்த முதல் பையின் தோள்பட்டையில் ஒரு நகவெட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் அந்தப் பை சுமார் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்த அம்மையாருக்குக் கீறல் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. நம் வாடிக்கையாளருக்கு இருக்கும்.

நம் ஊரில் பை தைப்பவர்கள் ‘டாக் ஹூக்’ என்று கேட்டு வாங்குவதும், ஆன்லைனில் ‘லாப்ஸ்டர் கிளாஸ்ப்’ என்று விற்பதும் ஒரே குடும்பம்தான். வளைந்த உடல், கட்டைவிரலால் இழுத்தால் திறக்கும் நாக்கு, அதைத் திரும்ப மூடும் ஸ்பிரிங், அடியில் சுழலும் கண். குதிரைப்படை வீரன் தன் குட்டைத் துப்பாக்கியைத் தோள்வாரில் மாட்டிக்கொள்ளப் பயன்படுத்திய கொக்கிக்கும் இதே அமைப்புத்தான். மலையேறிகளின் காராபினர் இன்னொரு கிளை. காராபினர் வடிவத்திலேயே மெல்லிய அலுமினியத்தில் செய்து பொம்மைக்கு மாட்டுவதும் உண்டு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மலை ஏற உதவாது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

டாக் ஹூக்கின் உடல் எஃகு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் துத்தநாகம். துல்லியமாகச் சொன்னால் ஸமாக்: 1929-இல் நியூ ஜெர்சி ஸிங்க் நிறுவனம் உருவாக்கிய கலவை. துத்தநாகத்தோடு சுமார் 4 விழுக்காடு அலுமினியம், துளியூண்டு மக்னீசியம், சில வகைகளில் ஒரு விழுக்காடு அளவுக்குத் தாமிரம். 385 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். கொக்கி மலிவாக இருப்பதன் ரகசியம் அந்த எண்தான்.

துத்தநாகம் மனிதன் கைக்கு எளிதில் வந்த உலோகமல்ல. தாதுவைச் சுட்டுப் பிரிக்கும் சூட்டில் அது ஏற்கெனவே ஆவியாகியிருக்கும். கொதிநிலை 907 டிகிரி. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே ஜாவரில், கத்தரிக்காய் வடிவ மண் குடுவைகளைக் கவிழ்த்து அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துப் பிடித்தார்கள். தொழில் அளவில் துத்தநாகம் வடித்ததற்கு உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று அங்கேதான் இருக்கிறது. வேலை முடிந்த குடுவைகளை அடுக்கியே அந்த ஊரில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

துத்தநாகக் கலவைக்கு ஒரு பரம்பரை நோய் உண்டு. ஈயம், காட்மியம், வெள்ளீயம் இவற்றில் ஏதாவது கொஞ்சம் கலந்துவிட்டால் போதும். உலோகத்தின் உள்ளே இருக்கும் பளிங்குத் துகள்களின் ஓரம் அரிக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் வெடித்து, வீங்கி, பொடியாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார்கள் பல, யாரும் தொடாமலே அலமாரியில் இப்படி நொறுங்கிப்போயிருக்கின்றன. 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தில் தொடங்கினால் நோய் வராது என்பதுதான் ஸமாக்கின் கண்டுபிடிப்பே. ஒரே தோற்றமுள்ள இரண்டு கொக்கிகள் பாதி விலை வித்தியாசத்தில் கிடைத்தால், அந்த நாலு ஒன்பதுகளில் எத்தனை குறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

உருகிய துத்தநாகம் இரும்பை அவ்வளவாக அரிக்காது. அதனால் உலோகத்தை அச்சுக்குள் பீய்ச்சும் பம்ப் உருகிய குழம்புக்குள்ளேயே மூழ்கி நிற்க முடிகிறது. அலுமினியத்தில் இது நடக்காது. அள்ளி ஊற்றும் வேலை இல்லாததால் அச்சு மூடித் திறக்க சில விநாடி போதும். ஒவ்வொரு தரமும் பல கொக்கிகள் ஒரே தண்டில் ஒட்டிக்கொண்டு வெளியே விழும். உடைத்துப் பிரித்து, கற்துண்டுகளோடு அதிரும் தொட்டியில் போட்டுப் பிசிறு நீக்குகிறார்கள். பிறகு நாக்கு, ஸ்பிரிங். கொக்கியிலேயே எஃகாக இருப்பது பெரும்பாலும் அந்த ஸ்பிரிங் ஒன்றுதான். சுழலும் கண்ணின் தண்டை உடலின் துளைக்குள் விட்டு, உள்முனையைத் தட்டி அகலப்படுத்துகிறார்கள். அந்தத் தட்டு இறுக்கமாக விழுந்தால் கண் சுழலாது; பொம்மை எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கும். தளர்வாக விழுந்தால் ஒரு நாள் கண் தண்டோடு உருவிக்கொண்டு வரும். ஸ்பிரிங் போய்விடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மலிவுக் கொக்கியில் நான் பார்த்த வரையில் முதலில் போவது இந்தத் தட்டுதான். கண்ணைப் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் மாதிரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது முலாம். துத்தநாகத்தை நேரே அமிலக் குளியலில் இறக்கினால் கொக்கி கரைய ஆரம்பித்துவிடும். ஆகவே முதலில் காரக் கரைசலில் தாமிரப் படலம், அதன் மேல் நிக்கல், அதற்கும் மேலேதான் நாம் பார்க்கும் தங்க நிறமோ துப்பாக்கிச் சாம்பலோ. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் ஏராளம். தோலோடு நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று ஐரோப்பா சட்டம் வைத்திருக்கிறது. நிக்கலுக்குப் பதில் தாமிரம், வெள்ளீயம், துத்தநாகம் கலந்த வெள்ளை வெண்கல முலாம் பூசலாம், செலவு கூடும். வாங்குபவர் கேட்கும் ஒரே கேள்வி தங்கமா வெள்ளியா என்பது. கேட்க வேண்டிய கேள்வி, 35 டிகிரியில் 5 விழுக்காடு உப்பு நீரைத் தூவிச் செய்யும் சோதனையில் இது எத்தனை மணிநேரம் நின்றது என்பது. சென்னையில் விற்பதாக இருந்தால் அந்தச் சோதனையை ஊரே இலவசமாகச் செய்துகொடுத்துவிடும்.

இந்தப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டதன் விலையை ஒரு குழந்தை கொடுத்திருக்கிறது. 2006-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், காலணியோடு இலவசமாகக் கொடுக்கப்பட்ட கைச்சங்கிலியின் இதய வடிவத் தொங்கலை விழுங்கி இறந்தான். அந்தத் தொங்கல் 99 விழுக்காடு ஈயம். நாடு முழுக்க மூன்று லட்சம் கைச்சங்கிலிகளைத் திரும்பப் பெற்றார்கள். 2008-இல் வந்த சட்டத்தின் வழியே, இன்று அங்கே பிள்ளைகளுக்கான பொருளில் கைக்கு எட்டும் எந்தப் பாகத்திலும் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது, மேற்பூச்சில் 90.

கொக்கியும் பொம்மையும் பெரும்பாலும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். சிறு உலோகச் சாமான்களுக்குக் குவாங்டொங் மாகாணத்தின் டொங்குவான் பக்கம், பஞ்சுப் பொம்மைக்கு ஜியாங்சூவின் யாங்சோ. எல்லாவற்றையும் சில்லறையாகப் பொறுக்க வேண்டுமென்றால் ஷெஜியாங்கின் யிவூ சந்தை. சுமார் 75,000 கடைகள் உள்ள வளாகம். இரண்டும் சந்திக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது ஓர் இயந்திரம். பஞ்சுப் பொம்மை தைக்கும்போது ஊசி முனை உடைந்து உள்ளே தங்கிவிடலாம் என்பதால், தைத்து முடித்த ஒவ்வொரு பொம்மையையும் ஊசி கண்டறியும் கருவிக்குள் அனுப்புவார்கள். கருவி இரும்பை மோப்பம் பிடிக்கும். ஸமாக் உடலைக் கண்டுகொள்ளாது. எஃகு ஸ்பிரிங் உள்ளே போனால் கத்தும். இரும்பு பால் செயினைப் பார்த்தாலும் கத்தும். அதனால் ஒழுங்கான தொழிற்சாலையில் கொக்கி மாட்டுவது கடைசி வேலை. பொம்மை தலையில் ஒரு ரிப்பன் கண்ணியோடு மட்டும் கருவியைக் கடந்து வரும். பிறகுதான் வளையமும் கொக்கியும். காந்தம் ஒட்டாத ஸ்பிரிங் போட்ட கொக்கிகளும் உண்டு. கொக்கியைத் தையலோடேயே பூட்டிவிடச் சொல்லும் வடிவமைப்பாளர்கள், தொழிற்சாலை ஏன் முகம் சுளிக்கிறது என்று புரியாமல் விழிப்பது இந்த இடத்தில்தான்.

எனக்குப் பிடித்த பாகம் அந்த ரிப்பன். யார் கண்ணிலும் படாது. தலையின் உச்சித் தையலுக்குள் அதன் இரண்டு வாலையும் ஒன்றரை சென்டிமீட்டராவது உள்ளே விட்டு, முன்னும் பின்னுமாக மறுதையல் போட்டு, உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்துப் பலப்படுத்த வேண்டும். மின்கி போன்ற பின்னல் துணி மென்மைக்குப் பேர்போனது. இழுத்தால் தையல் நிற்கும், தையலைச் சுற்றிய துணி கிழியும். ரிப்பனின் இடமும் முக்கியம். உச்சியில் நடு மையத்தில் வைத்தால் பொம்மை நிமிர்ந்து எதிரே பார்க்கும். தையல் வசதிக்காகப் பிடரிப் பக்கம் தள்ளிவிட்டால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையைப் பார்க்கும். கண்ணை எவ்வளவு அழகாக எம்பிராய்டரி செய்து என்ன பயன்?

பிறகு ஆய்வுக்கூடம். ஐரோப்பாவின் இஎன் 71 தரநிலையில் பிரிந்துவரக்கூடிய பாகங்களை 90 நியூட்டன் விசையில் பத்து விநாடி இழுப்பார்கள். ஒன்பது கிலோவைக் கட்டித் தொங்கவிட்டதற்கு ஏறத்தாழச் சமம். ஐம்பது கிராம் பொம்மைக்கு இது அநியாயம் என்று தோன்றும். குழந்தையின் பிடி அப்படித்தான் இருக்கும். பிரிந்துவந்த துண்டை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். உள்ளே முழுதாக அடங்கினால் அது மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது. இங்கேதான் பஞ்சுப் பொம்மைச் சாவிச்சங்கிலியின் பிறவிச் சங்கடம். கட்டியணைக்கத் தோன்றும் எளிய பஞ்சுப் பொம்மை எதுவானாலும், அட்டையில் என்ன வயது அச்சிட்டாலும், மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கானதாகவே அந்தத் தரநிலை கருதுகிறது. கொக்கியோ வளையமோ அந்த வயதுக்கு ஆகாதது. உடல் ஒரு வயதைச் சொல்கிறது, தலை இன்னொரு வயதைச் சொல்கிறது. பாப் மார்ட் போன்றவர்கள் ‘15 வயதுக்கு மேல்’ என்று போட்டு, இது விளையாட்டுப் பொருளல்ல, சேகரிப்புப் பொருள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். போலிகள் அந்த நாசூக்கைப் பார்ப்பதில்லை. உடைந்த துண்டுகள் குழந்தையின் மூச்சை அடைக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் போலி லபுபுகளைப் பற்றி எச்சரித்தது. இந்தியாவிலும் 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ் 9873 தரமும் பிஐஎஸ் முத்திரையும் கட்டாயம். ‘விளையாட்டுப் பொருள் அல்ல’ என்ற ஒரு வரியை அட்டையில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற விற்பனையாளர்களை என்னால் மதிக்க முடியவில்லை. வாங்குகிற தாய் அந்த வரியைப் படிக்கலாம். மடியில் உட்கார்ந்து பையைச் சப்பும் பிள்ளை படிக்காது.

பையின் வளையம், கொக்கி, கொக்கிக்கும் ரிப்பனுக்கும் நடுவிலுள்ள சிறு வளையம், ரிப்பன், தையல். தொங்கும் பொம்மைக்கு இந்த ஐந்து இணைப்பு. கூட்ட நெரிசலில் யாரோ ஒருவரின் கைப்பையோடு சிக்கி இழுபடும் நாளில் ஐந்தில் ஒன்று போகத்தான் போகிறது. எது போகவேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே சூட்சுமம். தையல் போனால் பஞ்சு வெளியே வரும், பொம்மை தீர்ந்தது. ரிப்பன் அறுந்தால் உச்சியைப் பிரித்துத் தைக்கவேண்டும். கொக்கி உடைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று கிடைப்பது பாடு. நடுவிலுள்ள வளையம் வாய் பிளந்தால்? குறட்டை வைத்து ஒரு திருகு. இல்லை, சென்னைப் பாரிமுனைச் சந்துகளில் கிராம் கணக்கில் கிடைக்கும் புது வளையம். ஆகவே தையல் எல்லாவற்றையும்விடப் பலமாக இருக்கட்டும், வளையம் மட்டும் ஒரு சுற்றுக் கம்பியாக இருக்கட்டும். இரண்டு சுற்று ஸ்பிளிட் ரிங் அசைக்க முடியாத பலம் கொண்டது, சாவிக்கு உத்தமம். அதை இங்கே போட்டால் இழுவை முழுவதும் துணிக்குப் போய்விடும். போதாக்குறைக்கு நகத்தையும் பெயர்க்கும். ‘எல்லாமே கெட்டியாகப் போடுங்கள்’ என்று சொல்பவர்கள் பாதுகாப்பது கொக்கியை, பொம்மையை அல்ல. இதற்கு விலக்கு, நெரிசலில் கையை விட்டுக் கழற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அஞ்சும் விலையுயர்ந்த பொம்மைகள். கட்டைவிரலால் சொந்தக்காரருக்குத் திறக்கும் கொக்கி திருடனுக்கும் திறக்கும். அங்கே திருகு மூடியுள்ள கொக்கி போடலாம். அப்படிப்பட்ட விலையில் பொம்மையைத் தெருவில் தொங்கவிட்டுக்கொண்டு ஏன் போகவேண்டும் என்பது வேறு விஷயம்.

பொம்மை போன பிறகும் கொக்கி சில காலம் இருக்கும். வேறொரு பொம்மைக்கோ வண்டிச் சாவிக்கோ தத்துப் போகும். முலாம் உரிந்து தாமிரச் சிவப்பு தெரிய ஆரம்பித்ததும் பழைய சாமானோடு காயலான் கடைக்கு வரும். கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஸ்பிரிங் ஒட்டும், உடல் ஒட்டாது. பழைய கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி என்று துத்தநாக வார்ப்புகள் கிடக்கும் குவியலில் அதுவும் சேர்ந்து எடைக்குப் போகும். முலாம் இருப்பதால் நேரே வார்ப்பு உலைக்குத் திரும்ப முடியாது. தாமிரமும் நிக்கலும் கலந்தால் கலவையின் கணக்கு கெட்டுவிடும். உருக்கி, அழுக்கு நீக்கிச் சுத்தம் செய்த பிறகுதான் அதை மறுபடி துத்தநாகமாகக் கணக்கில் எடுப்பார்கள்.